லெந்து, கத்திரி, ஐப்பசி மழை: சபை நாட்காட்டியோடு சேர்த்துக் கையாளப்பட்ட ஓர் இருமுனைக் கோளாறு

இந்த ஆய்வுக்கு உரியவர் தென் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டம் ஒன்றில் வசிக்கும் ஆசிரியை. அவருக்கு இருப்பது இருமுனைக் கோளாறு: மேனியா எனப்படும் அளவுமீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். சிகிச்சைக்கு வந்தபோது அவருக்கு வயது 38. அவரும் கணவரும் சம்மதித்த பிறகே இது எழுதப்படுகிறது; ஊரும் குடும்ப விவரங்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டுள்ளன. இதில் வரும் மருந்தளவுகள் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மனநல மருத்துவர் அவருக்கென எழுதியவை. வேறு யாரும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்னணி

அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், பாடகர் குழுவிலும் இருப்பவர். கணவர் மின்சாமான் கடை நடத்துகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியாரும் உடன் இருக்கிறார். தாய்வழியில் ஒரு மாமா தற்கொலை செய்துகொண்டவர். அது வெகுகாலம் வீட்டில் பேசப்படாத செய்தி.

முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் வாரத்தில் அவர் தூங்காமல் இருந்தார், விடாமல் பேசினார், குழந்தைக்கு ஊழிய அழைப்பு இருப்பதாக எல்லோருக்கும் அறிவித்தார். வீட்டார் அதைப் பிரசவச் சன்னி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அது தணிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மழைக்காலம்தோறும் சோர்ந்து படுப்பது வழக்கமாயிற்று. உள்ளூர்ப் பொது மருத்துவர் ஐப்பசியில் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தை 10 மி.கி. எழுதிக் கொடுப்பார். கார்த்திகை முடிவதற்குள் சோர்வு போய்விடும். மார்கழியில் கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு முதல் ஆளாக நிற்பார், இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு. மருந்து நன்றாக வேலை செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மனநிலையைச் சீராக்கும் மருந்து எதுவும் இல்லாமல் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் இருமுனைக் கோளாறு உள்ளவர் மேல்நோக்கித் தள்ளப்படலாம். அந்த உற்சாகம் ஹைப்போமேனியாவாக (லேசான மேனியாவாக) இருக்கக்கூடும் என்ற சந்தேகம் யாருக்கும் எழவில்லை.

முதல் மருத்துவமனை அனுமதி: 2022 ஏப்ரல்

2022-இல் ஈஸ்டர் ஏப்ரல் 17. பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்த பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை, கோயிலிலேயே தங்கினார். பெரிய வெள்ளியன்று மும்மணித் தியானத்தின் (மூன்று மணி நேர ஆராதனையின்) நடுவே எழுந்து நின்று, இந்த ஊருக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பைத் தனக்குக் காண்பித்திருப்பதாகப் பேசத் தொடங்கினார். அதற்கு முந்தைய பத்து நாட்களில் இரண்டு சவரன் வளையலைப் பொருத்தனைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார், வட்டிக்கு 80,000 ரூபாய் வாங்கி அறிமுகமற்ற ஓர் ஊழியருக்கு அனுப்பியிருந்தார். நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம். மூன்று நாட்களாகத் தண்ணீரும் குடிக்காத உபவாசம்.

ஈஸ்டர் திங்களன்று அனுமதிக்கப்பட்டார். சம்மதிக்கும் நிலையில் அவர் இல்லை என்பதால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி, கணவரை நியமனப் பிரதிநிதியாகக் கொண்டு, துணையுடனான அனுமதி. முதல் நாளில் நீரிழப்பும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் சற்று உயர்ந்தும் இருந்ததால், மனநிலைச் சீராக்கியான லித்தியத்தை உடனே தொடங்கவில்லை. மேனியாவைத் தணிக்கும் ஓலன்சபின் இரவில் 15 மி.கி., நீரேற்றம். கிரியேட்டினின் இயல்புக்கு வந்ததும் லித்தியம் 600 மி.கி., நான்கு நாள் கழித்து 900 மி.கி., முழுவதும் ஒரே இரவு வேளையில். எஸ்சிட்டலோபிராம் நிறுத்தப்பட்டது. வீடு திரும்பும்போது இரத்தத்தில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.8 மில்லிமோல். கடைசி வேளைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம் அது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுக்க வருபவர்களின் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடும் தவறு எங்கும் நடப்பதுதான்.

பேசியது எல்லாம் விசுவாசத்தின் மொழியில் இருந்ததால், எது நோய், எது பக்தி என்ற கேள்வியை வீட்டார் உடனே எழுப்பினார்கள். சிகிச்சைக் குழு எடுத்த நிலை: பேச்சின் உள்ளடக்கத்தை வைத்து முடிவு செய்வதில்லை. அந்தச் சபையில் தரிசனம் கண்டதாகச் சாட்சி சொல்பவர் பலர். அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல. பார்க்க வேண்டியவை வேறு: தூக்கம், பேச்சின் வேகம், பணம், பிறர் பேசும்போது காத்திருக்கும் பொறுமை, மறுத்தால் வரும் கோபம். ஐயரம்மா (சபையில் குருவானவரை ஐயர் என்பார்கள்; இவர் அவருடைய மனைவி) ஒரே வரியில் சொன்னது இதற்குச் சமம்: “ஜெபம் பண்றவங்க முடிச்சிட்டு எழும்புவாங்கய்யா. இவங்களால முடிக்க முடியல.”

காலண்டரில் தெரிந்தது

வெளிநோயாளியாக வந்த இரண்டாம் சந்திப்பில் கணவரிடமும் மாமியாரிடமும் கேட்டு, பழைய மருந்துச் சீட்டுகளையும் பள்ளி விடுப்புப் பதிவையும் வைத்து ஆண்டுவாரியாக ஒரு வரைபடம் போடப்பட்டது. மழைக்காலச் சோர்வு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை. அதில் குழப்பம் இல்லை. கோடைகால எழுச்சிதான் யோசிக்க வைத்தது.

2017: ஈஸ்டர் ஏப்ரல் 16, எழுச்சி ஏப்ரல் இரண்டாம் வாரம்.
2018: ஈஸ்டர் ஏப்ரல் 1, எழுச்சி மார்ச் கடைசி வாரம்.
2019: ஈஸ்டர் ஏப்ரல் 21, எழுச்சி ஏப்ரல் மூன்றாம் வாரம்.
2020: ஈஸ்டர் ஏப்ரல் 12, மார்ச், ஏப்ரலில் ஒன்றும் இல்லை. மே மாதத்தில் மூன்று வாரம் லேசான பரபரப்பு.
2021: ஈஸ்டர் ஏப்ரல் 4, மார்ச் இறுதியில் லேசானது.
2022: ஈஸ்டர் ஏப்ரல் 17, முழு மேனியா, அனுமதி.

வெயில்தான் காரணம் என்றால் தொடக்கம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே தேதியில் இருந்திருக்க வேண்டும். இங்கே அது ஈஸ்டரோடு சேர்ந்து நகர்கிறது. 2018-க்கும் 2019-க்கும் இடையில் பண்டிகை 20 நாள் தள்ளிப்போனது. நோயும் கிட்டத்தட்ட அவ்வளவே தள்ளிப்போனது. 2020-இல் ஊரடங்கால் கோயில்கள் மூடியிருந்தன, அதிகாலை ஜெபமும் வீட்டு ஜெபக் கூட்டமும் நடக்கவில்லை, அவருக்கும் எழுச்சி வரவில்லை. ஆனால் அதே ஆண்டு மே மாதப் பரபரப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. கத்திரி வெயிலுக்கும், புழுக்கத்தில் உடையும் தூக்கத்துக்கும் தனிப் பங்கு இருக்கிறது.

பருவகால மனநிலை மாற்றம் என்றதும் நினைவுக்கு வருவது 1984-இல் நார்மன் ரோசன்தால் குழு விவரித்த குளிர்கால மனச்சோர்வுதான். அங்கே பகல் சுருங்குவதே முதல் சந்தேகம். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். திருநெல்வேலி, தூத்துக்குடி அட்சரேகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆகவே இங்கே பகலின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. நாள் எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும்: எத்தனை மணிக்கு எழுகிறார், வெளியே எவ்வளவு நேரம் நிற்கிறார், எப்போது சாப்பிடுகிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துக் காலத்தில் அவருடைய நாள் இப்படி இருந்தது. காலை 4 மணிக்கு எழுந்து நாலரைக்கு அதிகாலை ஜெபம். பள்ளி. மாலை 7 முதல் 9.30 வரை வீட்டு ஜெபக் கூட்டம். பெண்கள் சங்கச் செயலாளர் முன்னதாகக் கிளம்ப முடியாது. வீடு வந்து படுக்க 11. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள் இப்படி. பரிசுத்த வாரத்தில் இன்னும் குறையும். ஈஸ்டர் ஆராதனை அதிகாலை 4 மணிக்கு என்பதால் பாடகர் குழு முந்தைய இரவு தூங்குவதே இல்லை. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மேனியாவைக் கிளப்பும் காரணங்களில் தூக்கக் குறைவு மிக வலுவானது. ஆறு வாரம் ஐந்து மணி நேரத் தூக்கம், கடைசியில் ஓர் இரவு முழு விழிப்பு: இதைவிடச் சரியாக ஒருவர் திட்டமிட்டுத் தூண்ட முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சொல்லப்பட்ட ஆலோசனை, சபை வேலைகளை எல்லாம் விட்டுவிடுவது. மாமியாரின் விருப்பமும் அதுவே. குழு அதை ஏற்கவில்லை. மழைக்காலத்தில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பக்கூடிய ஒரே கயிறு அந்தச் சபைதான். அதைக் கோடையில் அறுத்துவிட்டு ஐப்பசியில் தேட முடியாது. மேலும், அவரே ஏற்காத திட்டம் அடுத்த சாம்பல் புதன் வரைதான் நிற்கும்.

ஐயரிடம் என்னென்ன சொல்லலாம் என்பதை ஆசிரியையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்: நோயின் பெயர், தூங்கும் நேரம், உபவாசக் கட்டுப்பாடு, எச்சரிக்கை அறிகுறிகள், யாரை அழைப்பது. கடன் விவரமும் மாமாவின் மரணமும் அதில் இல்லை. அவை சொல்லப்படவும் இல்லை. இந்தத் தாள் இல்லாமல் குருவானவரோடு பேசத் தொடங்குவது, அக்கறையின் பெயரால் நடக்கும் இரகசிய மீறல்.

ஐயரோடு நடந்த சந்திப்பில் எளிதாகத் தீர்ந்தவை பல. அவர் வளையலை உண்டியலில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்திருந்தார், கணவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிப்ரவரி முதல் மே வரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தக் காணிக்கையும் ஏழு நாள் காத்திருந்த பிறகே ஏற்கப்படும் என்று சபைப் பொருளாளரும் ஒப்புக்கொண்டார். தீராதது ஒன்று. வெளியிலிருந்து வரும் ஒரு ஜெபக்குழு, “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு சிஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மருத்துவர் வாதாடி இதை வெல்ல முடியாது. ஐயர் வாதாடவில்லை; எலியாவின் கதையை வாசிக்கச் சொன்னார். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தவனுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். அவன் சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான், கர்த்தரின் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. சங்கீதம் 127-இல் வரும் “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்” என்ற வரியை ஆசிரியையே தன் கையால் எழுதிப் படுக்கையறையில் ஒட்டினார்.

இன்னொரு கேள்வி கடினமானது. “மாத்திரை ஆரம்பிச்சதிலருந்து ஜெபம் வறண்டு போச்சு” என்றார். எழுச்சி நிலையில் ஒவ்வொரு வசனமும் தனக்கென்றே எழுதப்பட்டதுபோல் ஒளிர்ந்தது. இப்போது வெறும் எழுத்தாக இருக்கிறது. இதைப் பக்கவிளைவு என்று தள்ளிவிட்டால் மருந்து நிற்கும். பாதி உண்மையில் ஓலன்சபினின் மந்தம்தான். ஆறு மாதத்தில் அது படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. மீதி ஓர் இழப்பு. அதை இழப்பு என்றே ஒப்புக்கொண்டு, ஐயரோடு பேச விடப்பட்டது.

அன்றாட ஒழுங்குக்குப் புதிதாக எதுவும் கொண்டுவரப்படவில்லை. அந்த வீட்டில் இரவு 8.45-க்குக் குடும்ப ஜெபம் உண்டு. ஆமென் சொன்னதும் கணவர் மாத்திரையைக் கையில் கொடுப்பார். 9 மணிக்குக் கைப்பேசி கூடத்து அலமாரிக்குப் போகும், 9.30-க்கு விளக்கு அணையும், 5.30-க்கு எழுவது. சுவரில் மாட்டியிருக்கும் சபை நாட்காட்டியின் அன்றைய கட்டத்தில், வசனத்துக்குக் கீழே, முந்தைய இரவு தூங்கிய மணி நேரத்தைக் கணவர் எழுதுவார். தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் தொலைபேசியில் அழைத்துவிட்டு, மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைத்த ஓலன்சபின் 5 மி.கி. மூன்று இரவுக்கு, நான்காம் நாள் நேரில் வர வேண்டும்.

லெந்துக்கென்று தனித் திட்டம். அதிகாலை ஜெபத்துக்குப் பதில் வீட்டில் ஆறு மணி வாசிப்பு. வீட்டு ஜெபக் கூட்டம் வாரம் ஒன்று, 8.30-க்குக் கிளம்புவது, அதைக் கேள்வியாக்காமல் இருக்க ஐயரம்மாவே எழுந்து அவரை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஈஸ்டருக்கு 7.30 மணி இரண்டாம் ஆராதனை. உபவாசத்தில்தான் விவரம் அதிகம் தேவைப்பட்டது. லித்தியமும் சோடியமும் சிறுநீரகத்தில் ஒரே வழியில் திரும்ப உறிஞ்சப்படுபவை. உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லித்தியமும் கூடவே தங்கும், இரத்த அளவு ஏறும். ஆகவே தண்ணீரில்லா உபவாசம் கிடையாது. பழமும் உப்பில்லாக் காய்கறியும் மட்டும் உண்ணும் 21 நாள் தானியேல் உபவாசமும் கிடையாது. தண்ணீர் குடிக்கலாம் என்பதால் அது பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள், ஆபத்து உப்புக் குறைவதில் இருக்கிறது. காப்பியையும் திடீரென்று விடக் கூடாது: காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது, தினம் குடிப்பவர் நிறுத்தினால் அளவு உயரும். லெந்தில் காப்பியை விடுவது எவ்வளவு சாதாரணம் என்பதை யோசித்தால் இதை எல்லா லித்தியச் சீட்டிலும் அச்சிடலாம். இவர் இறைச்சியையும் இனிப்பையும் தொலைக்காட்சித் தொடரையும் விட்டார். பெரிய வெள்ளி ஆராதனைக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியோடு, பக்கவாசல் அருகே இருக்கை.

மழைக்காலத்துக்கு: மதியம் 12 முதல் 2 மணிக்குள் அரை மணி நேரம் பள்ளி வராந்தாவிலோ வெளியிலோ. மேகம் மூடிய நண்பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் உண்டு; சன்னல் சாத்திய கூடத்தில் சில நூறுகூட இராது. ஒளி சிகிச்சையை வழக்கமாக அதிகாலையில் தருவார்கள். இருமுனைக் கோளாறில் அது சிலரை எழுச்சிக்கோ கலப்பு நிலைக்கோ தள்ளக்கூடும் என்பதால், மனநிலைச் சீராக்கி மருந்து இருக்கும்போது மட்டும், நண்பகலில்.

நடந்தவை

2022 அக்டோபர் மூன்றாம் வாரம் சோர்வு வந்தது. இந்த முறை அதன் வடிவம் வேறு: பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசிவிட்டதாகவும் தனக்கு மன்னிப்பே இல்லை என்றும் உறுதியாக நம்பினார். பெரிய வெள்ளியன்று பேசியதுதான் அந்தப் பாவமாம். தற்கொலை எண்ணம் நேரடியாகக் கேட்கப்பட்டது. “இருந்து என்ன” என்ற அளவில் இருந்தது, திட்டம் இல்லை. மாமாவின் வரலாறு காரணமாக அதோடு விடவில்லை. லித்தியம் அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஏழு நாள் மாத்திரை மட்டும் கணவரின் பூட்டிய பெட்டியில். வீட்டின் பின்புறம் இருந்த பூச்சிமருந்து அகற்றப்பட்டது. இருமுனைச் சோர்வுக்குத் தரப்படும் குவெட்டியபின் 50, 100, 200, 300 மி.கி. என நான்கு இரவில் உயர்த்தப்பட்டது.

மன்னிப்பு உண்டென்று வசனம் காட்டி நிரூபிக்க வேண்டாம் என்று ஐயரைக் கேட்டுக்கொண்டது குழு. நிரூபிக்க நிரூபிக்க அவர் எதிர் வசனம் தேடுவார். ஐயர் வாரம் இருமுறை வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு சங்கீதம் வாசித்து, திருவிருந்து கொடுத்துப் போனார். அது விவாதம் இல்லாமல் சொன்ன பதில். சங்கத்துப் பெண்கள் இருவர் இருவராக வந்தார்கள். நிபந்தனைகள்: இருபது நிமிடம், கையில் ஏதாவது சாப்பாடு, அறிவுரை இல்லை, “எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” இல்லை. முந்தைய ஆண்டுகளில் ஏழெட்டு வாரம் பள்ளிக்குப் போகாதவர் இந்த முறை மூன்று வாரத்தில் அரைநாளாகத் திரும்பினார். குவெட்டியபின் பிறகு 100 மி.கி.க்குக் குறைக்கப்பட்டது.

2023 லெந்து பிப்ரவரி 22-இல் தொடங்கியது. மார்ச் மூன்றாம் வாரம் நாட்காட்டியில் 5.5, 5, 4.5, 4.5 என்று எண்கள் இறங்கின. கணவர் அழைத்தார். கைகளில் மெல்லிய நடுக்கம், லித்தியம் 1.1. விசாரித்ததில், வாட்ஸ்அப் ஜெபக்குழு ஒன்றில் சேர்ந்து பதினொரு நாளாகத் தானியேல் உபவாசம், காப்பியும் இல்லை. தூக்கம் குறைந்து எழுச்சி தொடங்கியிருக்கும்போதே லித்தியம் அளவு ஏறியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: அளவு அதிகமாக இருந்தால் மேனியா வராது என்று நம்ப இடமில்லை. ஓர் இரவு லித்தியம் நிறுத்தம், வழக்கமான உப்போடு சாப்பாடு, ஓலன்சபின் 5 மி.கி. மூன்று இரவு. ஒரு வாரத்தில் அளவு 0.8, தூக்கம் 7 மணி நேரம். ஏப்ரல் 9 ஈஸ்டருக்கு இரண்டாம் ஆராதனையில் பாடினார்.

மே மாதம்தான் எதிர்பாராதது. தகரக் கூரையின் கீழ் விடுமுறை வேதாகமப் பள்ளி, கத்திரி வெயில், முழங்கால் வலி. மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கிய அசெக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஐந்து நாள். ஆறாம் நாள் வாந்தி, பெரிதாக ஆடும் கைகள், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு. வீட்டார் வெயில் தாக்கம் என்று மோர் கொடுத்து ஒரு நாள் கழித்தார்கள். லித்தியம் 1.7. உட்சேர்ப்பு, சிரைவழி உப்புநீர், லித்தியம் நிறுத்தம். மூன்றாம் நாள் 0.9. அந்த வகை வலிநிவாரணிகளில் பெரும்பாலானவை, டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் உட்பட, லித்தியத்தைத் தேக்கக்கூடியவை. இவருக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. 600 மி.கி.யில் தொடங்கி, ஜூனில் அளவு பார்த்து 900-க்கு.

அதே ஜூனில் ஐயருக்கு இடமாற்றம். திட்டத்தின் பாதி அவர் மனதில் இருந்தது, அவரோடு போய்விட்டது.

செப்டம்பர் இறுதியிலேயே சோம்பல், எடை கூடுதல், மலச்சிக்கல். மழை சீக்கிரம் வந்துவிட்டது என்று வீட்டார் சிரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 12, இயல்பைவிட அதிகம். லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடியது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் தொடங்கியதும் சோர்வில் பெரும்பகுதி விலகியது. பருவ வரைபடம் கையில் இருப்பதன் ஆபத்து இது: எதைப் பார்த்தாலும் பருவமாகவே தோன்றும்.

2023 டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாத்திரைப் பெட்டி போயிற்று. சாலையும் தொலைபேசியும் இல்லை. உயரத்தில் இருந்த கோயில் நிவாரண முகாமாக மாறியது, அவர் இரவு பகலாகச் சமையல் நடத்தினார். ஐந்து நாள் லித்தியம் இல்லை, தூக்கம் மூன்று மணி நேரம். வேலையை எல்லோரும் பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டுதான், அதனால்தான் யாரும் தடுக்கவில்லை. 23-ஆம் தேதி தொடர்பு கிடைத்தபோது கணவர் சொன்னது: “நல்லாத்தான் இருக்கா சார், ரொம்ப நல்லா இருக்கா.” பக்கத்து ஊரிலிருந்து மருந்து வரவழைக்கப்பட்டது. வெள்ளத்தில் நீரிழப்பும் வயிற்றுப்போக்கும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே லித்தியம் மீண்டும் தொடங்கப்பட்டது. கூடவே ஓலன்சபின் இரண்டு வாரம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் போகவில்லை; ஜனவரி 1 காலை ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுத்தார். அனுமதி தேவைப்படவில்லை.

2024 லெந்து (பிப்ரவரி 14 – மார்ச் 31) அமைதியாகக் கடந்தது. 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. லெந்தின் முடிவும் வெயிலின் ஏற்றமும் ஒன்றாக வந்ததால் பரிசுத்த வாரத்துக்கு முன் ஓலன்சபின் இரண்டு இரவு தேவைப்பட்டது. 2022-க்குப் பிறகு மேனியாவுக்காக அனுமதி இல்லை. மழைக்காலச் சோர்வு முற்றிலும் போகவில்லை. பள்ளி விடுப்பு ஆண்டுக்கு சில நாட்களாகச் சுருங்கியிருக்கிறது.

மாற்றப்பட்டவை

ஐயர் மாறினால் திட்டம் மாறாமல் இருக்க, ஒரு பக்கக் கடிதம் ஆசிரியையின் கையெழுத்தோடு அவரிடமே இருக்கிறது; புதிய குருவானவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இப்போதுள்ள ஐயருக்கு மூன்றாம் மாதம் கொடுத்தார். சபையில் இன்னும் இருவருக்கு, ஐயரம்மா அல்லாத இருவருக்கு, எச்சரிக்கை அறிகுறிகள் தெரியும்.

பதினைந்து நாள் மாத்திரை நீர்புகாத டப்பாவில் மாடி வைத்திருக்கும் நாத்தனார் வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை நாளன்று அது மாற்றப்படுகிறது. ஊர் மருந்துக்கடைக்காரரிடம் லித்தியம் அட்டை காட்டப்பட்டது. வலி மாத்திரை கேட்டால் அவர் கேட்டுக் கொடுக்கிறார். பெரும் பேரிடரில் அவர் எங்கே உதவலாம் என்பதும் எழுதப்பட்டுள்ளது: பகலில் பதிவேடு, இரவில் சமையல் இல்லை.

லித்தியம் அளவு பார்க்கும் நாட்கள் முன்பு மூன்று மாத இடைவெளியில் இருந்தன. இப்போது அவை நாட்காட்டியோடு கட்டப்பட்டுள்ளன: சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம், லெந்தின் நான்காம் வாரம், மே முதல் வாரம், செப்டம்பர் இறுதி. செப்டம்பரில் டி.எஸ்.எச்., கிரியேட்டினின், கால்சியமும் சேர்த்து. ஈஸ்டர் நகர்வதால் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டுக்கான தேதிகளைக் கணவரும் ஆசிரியையும் சேர்ந்து புதிய நாட்காட்டியில் குறிக்கிறார்கள். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-க்கே வந்துவிடும். நான்காம் வாரப் பரிசோதனை மார்ச் தொடக்கத்தில், பள்ளியில் ஆண்டிறுதி நெருக்கடி சூடுபிடிக்கும் நேரத்தில் விழும்.